டிஸ்னிக்குப் போற றோட்டு

ரொறன்ரோவில இருக்கிற எங்கட நண்பன் ஒருத்தனின் பெரியம்மா குடும்பம் இந்த லீவுக்கு ஓர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு ஆர்.வி.யில போகினம். ஆர்.வி. எண்டால் படுக்கை, குசினி, கக்கூஸ் எல்லாம் உள்ளுக்கேயே இருக்கிற வாகனம். வீட்டுக்குச் சில்லுப் பூட்டின மாதிரி. அந்த வீட்டு அண்ணா ஒரு எக்செல் அட்டவணை போட்டு வட்சப்பில அனுப்பியிருந்தார். எங்க பெற்றோல் அடிக்கிறது, இரவு எங்க நிற்பாட்டுறது, கழிவுத் தொட்டியை எங்க வெறுமையாக்கிறது, இடியப்பம் எத்தனை நாளுக்குத் தாங்கும் எண்டு எல்லாம் அதில இருந்தது. நாங்கள் பார்த்துச் சிரிச்சம். பிறகுதான், இப்பிடியொரு பயணத்தைத் திட்டமிடுறது எப்ப, யாருக்குச் சாத்தியமாச்சு எண்டு தேடத் தொடங்கினம்.

டிஸ்னி பூங்காக்கள் றோட்டைப் பார்த்துத்தான் இடம் பிடித்தன. 1953இல், பூங்காவை எங்கே கட்டலாம் என்று ஆராய வோல்ட் டிஸ்னி ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தை அமர்த்தினார். அவர்கள் காட்டிய இடம் லொஸ் ஏஞ்சல்சுக்குத் தெற்கே இருக்கும் அனகைம். அங்கே 160 ஏக்கர் தோடம்பழத் தோட்டமும், பக்கத்தில் புதிதாக நீண்டுகொண்டிருந்த சாந்தா அனா நெடுஞ்சாலையும் இருந்தன. 1955 ஜூலை 17இல் திறந்த டிஸ்னிலாண்டுக்குள் ‘ஓட்டோபியா’ என்று பிள்ளைகள் கார் ஓட்டும் குட்டி நெடுஞ்சாலை ஒன்றும் இருந்தது. அதற்கு அனுசரணை ரிச்பீல்ட் எண்ணெய்க் கம்பனி. (வேற யார் குடுப்பினம்?) நாடு முழுக்க 41,000 மைல் நெடுஞ்சாலை போடும் சட்டத்தில் ஜனாதிபதி ஐசனோவர் கையெழுத்திட்டது அதற்கு அடுத்த வருடம், 1956இல்.

எங்களை நிற்பாட்டி யோசிக்க வைச்சது 1963ஆம் ஆண்டு. அந்த நவம்பரில் டிஸ்னி விமானத்தில் புளோரிடாவுக்கு மேலால் பறந்தார். ஓர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய சாலைகள் சந்திப்பதைப் பார்த்து, இதுதான் இடம் என்று முடிவெடுத்தார். பிறகு வெவ்வேறு கம்பனிப் பெயர்களில், ஆருக்கும் தெரியாமல், 27,000 ஏக்கருக்கு மேல் காணி வாங்கப்பட்டது.

அதே வருடம் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் பேர்மிங்காம் சிறையிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். பொறுத்திருங்கள் என்று புத்தி சொன்ன வெள்ளை மதகுருமாருக்கான பதில் அது. தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த ‘ஃபன்டவுன்’ என்ற கேளிக்கைப் பூங்காவுக்குத் தான் ஏன் போகமுடியாது என்று கேட்கும் ஆறு வயது மகளுக்கு என்ன சொல்வது என்று அதில் கேட்கிறார். அட்லாண்டாவில் இருந்த அந்தப் பூங்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அதே நீண்ட வசனம் இன்னும் கொஞ்சம் போக, தூரப் பயணத்தில் எந்த விடுதியும் சேர்க்காததால் இரவுக்கிரவு காரின் மூலையில் முடங்கிப் படுப்பதைப் பற்றியும் சொல்கிறார். இந்தக் கடிதத்தை நாங்கள் முந்தியும் வாசிச்சிருக்கிறம். பூங்காவும் பயணமும் ஒரே வசனத்துக்குள்ள வருதெண்டதைக் கவனிக்கேல்லை.

அட்டவணை போடுறதை அந்தக் குடும்பங்களும் செய்ததுதான். ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிறீன் 1936இலிருந்து ‘கிறீன் புக்’ என்ற கையேட்டை வெளியிட்டார். கறுப்பினப் பயணிகளைச் சேர்க்கும் விடுதி, சாப்பாட்டுக்கடை, பெற்றோல் நிலையம் எங்கே இருக்கின்றன என்று ஊர் ஊராக அதில் இருந்தது. அது இருந்தும் பலர் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, படுக்கத் துணியும், பிள்ளைகள் மூத்திரம் பெய்ய ஒரு பேணியும் எடுத்துக்கொண்டுதான் வெளிக்கிட்டார்கள். ஏ9 பாதையால சோதனைச்சாவடிகளைக் கணக்குப் பண்ணிப் பயணம் போன எங்கட அம்மா அப்பாமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1964 ஜூலையில் குடிசார் உரிமைகள் சட்டம் வந்தது. விடுதிக் கதவுகள் சட்டப்படி திறந்தன. 1966இல் அயோவா மாநிலத்தின் பொரஸ்ட் சிற்றியில் வினபேகோ கம்பனி ஆர்.வி.களைத் தொழிற்சாலை வரிசையில் வைத்து, மற்றவர்களைவிட மலிவாகச் செய்து விற்கத் தொடங்கியது. 1971 ஒக்டோபர் 1இல் டிஸ்னி வேர்ல்ட் திறந்தது. ஏழு கிழமைக்குள், நவம்பர் 19இல், அதற்குள்ளேயே ‘போர்ட் வில்டர்னஸ்’ முகாம்திடலும் வந்தது. வாகனத்தைக் கொண்டுபோய் விட்டால் கரண்டும் தண்ணியும் கழிவுக் குழாயும் அங்கே தயார்.

ஆர்.வி. விளம்பரங்களில் எப்பவும் ‘சுதந்திரம்’ எண்டுதான் வரும். ஆரையும் கேக்காமல், சொந்தப் படுக்கையோடும் சொந்தக் கக்கூஸோடும் றோட்டில போறதாம் சுதந்திரம். படுக்கையையும் கக்கூஸையும் காரில காவிக்கொண்டு போனதுக்கு, பத்து வருசத்துக்கு முதல், அதே தென் மாநில றோட்டில வேற பெயர் இருந்தது. அந்த விளம்பரத்தை இனி எங்களால முந்தின மாதிரிப் பார்க்க ஏலாது.

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, இதெல்லாம் ஆட்டம் கண்டது. பெற்றோலுக்கு நீண்ட வரிசை. சில மாநிலங்களில் இலக்கத்தகட்டின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துத்தான் அடித்தார்கள். (2022இல கியூஆர் கோட்டோட நிண்ட ஆக்களுக்கு இது புதினமில்லை.) ஆர்.வி. விற்பனை விழுந்தது, பிறகு எழும்பியது.

அண்ணாவின் அட்டவணையைத் திரும்ப எடுத்துப் பார்த்தம். பதினோராவது வரி: ‘அட்லாண்டா. பெற்றோல், தேத்தண்ணி, பிள்ளையள் கால் நீட்ட 20 நிமிசம்.’