இல்லப் பராமரிப்புத் தொழிலாளரும் சட்டத்தின் எல்லையும்

ஒரு தொழிலின் வரலாறு, அதனைச் செய்தோர் தொழிலாளர் என ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறாகவும் அமைவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் முதியோரையும் நோயாளரையும் அவர்தம் இல்லங்களிற் பராமரிப்போரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் நியமங்கள் சட்டம், மணித்தியாலத்துக்கு 25 சதம் குறைந்தபட்ச வேதனத்தையும், வாரத்தில் 44 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவையும் விதித்தது. வீட்டுப் பணியாளர் இதன் எல்லைக்குள் வரவில்லை. 1935இல் நிறைவேறிய தொழிலுறவுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அவர்களை விலக்கியே இருந்தன. அக்காலத் தென் மாநிலங்களில் வீட்டுப் பணி பெரும்பாலும் கறுப்பினப் பெண்களின் தொழிலாகும். மலிவான உழைப்பை இழக்க விரும்பாத தென்மாநிலப் பிரதிநிதிகளின் செல்வாக்கே இவ்விலக்கின் காரணமெனப் பல வரலாற்றாசிரியர் கருதுவர். சமூகப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, வரி அறவிடும் நிர்வாகச் சிரமத்தை வலியுறுத்துவோரும் உளர்.

1974இல் வீட்டுப் பணியாளர் பொதுவாகச் சட்டத்தினுட் கொண்டுவரப்பட்டனர். ஆயினும், முதியோர்க்கும் நோயாளர்க்கும் 'துணையிருப்போர்' விலக்கப்பட்டனர். 1975இல் தொழில் திணைக்களம் வகுத்த விதி, இவ்விலக்கை நிறுவனங்களால் அமர்த்தப்படுவோர்க்கும் விரித்தது. குளிப்பாட்டுதலும் உணவூட்டுதலும் தூக்கியிருத்துதலும் 'துணையிருத்தல்' என்ற சொல்லினுள் அடங்கிப்போயின. யமேக்காவிற் பிறந்து நியூயோர்க்கிற் பணிபுரிந்த ஈவ்லின் கோக் இவ்விதியை எதிர்த்து வழக்காடினார். விதி வகுக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸ் திணைக்களத்துக்கே அளித்துள்ளதென 2007இல் உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவர் 2009இற் காலமானார். அவர் வேண்டிய மாற்றத்தைத் திணைக்களம் 2013இல் வகுத்தது. நீதிமன்றத் தடைகளைக் கடந்து 2015இல் அது நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே கலிபோர்னியாவில் வேறொரு வினா எழுந்திருந்தது. அங்கு வேதனம் அரசாங்க நிதியிலிருந்து வந்தது. பணிக்கு அமர்த்துபவரும் நீக்குபவரும் நோயாளரே. எனில், தொழில்வழங்குநர் யார்? பேரம்பேச எவருமில்லாத நிலையிற் சங்கம் பயனற்றதாகும். பொதுவான வேலைத்தலமும் இன்மையால், 1987 முதல் சங்க அமைப்பாளர் ஆங்காங்கே சிதறியிருந்த தொழிலாளரைத் தேடித் திரட்ட வேண்டியதாயிற்று. முதியோர், அங்கவீனர் அமைப்புகளின் ஆதரவையும் நாடினர். 1992இல் நிறைவேறிய மாநிலச் சட்டம், தொழில்வழங்குநராகப் பொது அதிகாரசபைகளை நிறுவ வழிசெய்தது. 1999இல் லொஸ் ஏஞ்சல்ஸில் ஏறத்தாழ 74,000 தொழிலாளர் வாக்களிப்பின் மூலம் சங்கத்திற் சேர்க்கப்பட்டனர்.

இவ்விரு போராட்டங்களையும் ஒருங்கே நோக்கின் ஓருண்மை புலனாகும். கலிபோர்னியத் தொழிலாளர், தொழில்வழங்குநர் ஒருவர் சட்டத்தில் உருவாகும்வரை போராடினர். கோக், 'துணை' என்ற சொல்லின் பொருளோடு போராடினார். பெற்ற உரிமை நிலைபேறுடையதென்றும் கொள்வதற்கில்லை. 1975ஆம் ஆண்டு விதிக்கே மீளுமாறு 2025 யூலையில் தொழில் திணைக்களம் முன்மொழிந்தது. பராமரிப்பை அன்பின் வெளிப்பாடெனப் போற்றுவது எளிது. அதனை உழைப்பென ஏற்று உரிய வேதனம் வழங்குவதே அத்தொழிலாளர் வேண்டி நிற்பது.