வெளியிட்டதைத் திரும்பப் பெறுதல்: ஜாவாஸ்கிரிப்ட் பொதிப் பதிவகத்தில் பதிப்பெண்ணும் ஆசிரியர் உரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

பொதுப் பதிவகம் ஒன்றில் நிரலை வெளியிட்டவர், பிறர் அதனைச் சார்ந்து வாழத் தொடங்கிய பின்னரும் விரும்பியபோது நீக்கிக்கொள்ளலாமா? என்.பி.எம். பதிவகத்தில் இவ்வினா எழுந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆசிரியரின் சொந்தக் குறிப்பாக இருந்த பதிப்பெண், பயனர்க்கு அளிக்கும் உறுதிமொழியாக மாறியதை அவ்வரலாறு காட்டுகிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

பதிவகத்தின் தோற்றம்

ஜாவாஸ்கிரிப்ட் மொழியை உலாவிக்கு வெளியே இயக்க உதவும் நோட்.ஜே.எஸ். 2009இல் வெளிவந்தது. அதற்கான நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு ஐசக் ஷ்லூட்டர் 2010இல் என்.பி.எம். என்னும் கருவியை வெளியிட்டார். நிரலாளர் தம் நிரலுக்குப் பெயரும் பதிப்பெண்ணும் இட்டு, அது சார்ந்திருக்கும் பிற நிரல்களின் பட்டியலையும் சேர்த்து, ஒரு பொதியாக்கி ஒரே கட்டளையால் பதிவகத்தில் ஏற்றலாம். இதற்கு முன் அனுமதியோ மதிப்பீட்டுக் குழுவோ தேவையில்லை. ஏற்றியதை நீக்கும் உரிமையும் தொடக்கத்தில் ஆசிரியரிடமே இருந்தது. இவ்வெளிமையால் சில வரிகளே கொண்ட சிறு பொதிகள் பெருகின. ஒன்றை ஒன்று சார்ந்த நீண்ட சங்கிலிகளும் உருவாயின.

பதிப்பெண்ணின் இலக்கணம்

பதிப்பெண்ணுக்குப் பொது இலக்கணம் வகுத்தவர் கிட்ஹப் நிறுவனர்களுள் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர். 'செமான்டிக் வெர்ஷனிங்' எனப்படும் அம்முறையில் எண் மூன்று உறுப்புகளைக் கொண்டது. பழைய பயன்பாட்டைக் குலைக்கும் மாற்றமாயின் முதல் எண்ணும், குலைக்காத புதிய வசதியாயின் இரண்டாம் எண்ணும், பிழைத்திருத்தமாயின் மூன்றாம் எண்ணும் கூடும். முதல் எண் சுழியமாக இருப்பின் அப்பொதி வளர்நிலையில் உள்ளது. அதில் எதுவும் எப்போதும் மாறலாம். ஒருமுறை வெளியிட்ட பதிப்பின் உள்ளடக்கத்தை மாற்றலாகாது என்பது மற்றொரு விதி. ஆய்வாளர் எப்பதிப்பிலிருந்து மேற்கோள் காட்டினாரோ அப்பதிப்பு அவ்வாறே கிடைக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை ஒத்தது இது. ஆனால் மாற்றத்தைத் தடுத்த இவ்விலக்கணம் நீக்கத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை.

2016 மார்ச் நிகழ்வு

இவ்விடைவெளி 2016 மார்ச் 22 அன்று வெளிப்பட்டது. 'கிக்' என்னும் பொதிப் பெயரை அதே பெயருடைய செய்திச் செயலி நிறுவனம் கோரியது. பதிவகம் அக்கோரிக்கையை ஏற்றது. அதனை எதிர்த்த ஆசிரியர் தம்முடைய 270க்கும் மேற்பட்ட பொதிகளை நீக்கினார். அவற்றுள் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. எழுத்துத் தொடரின் இடப்புறம் வெற்றிடம் நிரப்பும் 11 வரி நிரல் அது. அதனை நேரடியாக அறியாத எண்ணற்ற திட்டங்கள், சார்புச் சங்கிலியின் வழி அதனை நம்பியிருந்தமையால், செயலிழந்தன.

அடுத்து நிகழ்ந்தது பதிப்பெண் வரலாற்றில் தனிக் கவனத்திற்குரியது. சில நிமிடங்களில் மற்றொரு நிரலாளர் அதே பணியைச் செய்யும் பொதியை அதே பெயரில் 1.0.0 என்னும் எண்ணுடன் வெளியிட்டார். எனினும் சிக்கல் தீரவில்லை. பேபல் போன்ற கருவிகளின் சார்புச் சங்கிலி 0.0.3 என்னும் பதிப்பையே கேட்டது. இலக்கணப்படி எவ்வுறுதியும் தராத சுழிய எண்ணை, நடைமுறை நிலைத்த உறுதியாகக் கொண்டிருந்தது. இறுதியில் பதிவகமே காப்புப் படியிலிருந்து 0.0.3ஐ மீட்டு வைத்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத் தடங்கல் அத்துடன் முடிந்தது. கட்டற்ற உரிமம் இம்மீட்புக்கு இடமளித்தது. ஆசிரியரின் விருப்பம் அதற்கு மாறானதாக இருந்தது.

விதிமாற்றம்

அம்மாத இறுதியில், வெளியிட்டு 24 மணி நேரம் கடந்த பதிப்பை ஆசிரியர் தாமாக நீக்க இயலாது எனப் பதிவகம் விதித்தது. பின்னர் இக்கால எல்லை 72 மணி நேரமாயிற்று; பிற பொதிகள் சார்ந்திருப்பின் அதற்குள்ளும் நீக்க இயலாது. நீக்கப்பட்ட பதிப்பின் எண்ணை மீண்டும் பயன்படுத்தவும் இயலாது. 'இனிப் பயன்படுத்த வேண்டா' என்னும் அறிவிப்பை இணைக்கும் உரிமை ஆசிரியரிடம் எஞ்சியது.

முடிவுரை

நீக்கத்தைத் தடுத்தது இவ்விதி. உறுதிமொழி மீறலை அதனால் தடுக்க இயலவில்லை. 2022 ஜனவரியில் 'கலர்ஸ்' பொதியின் ஆசிரியர், ஊதியமின்றித் தம் உழைப்பைப் பெருநிறுவனங்கள் பயன்கொள்வதைக் கண்டித்தவர், 1.4.0க்குப் பின் 1.4.1ஐ வெளியிட்டார். எண் பிழைத்திருத்தம் என்றது. உள்ளே முடிவிலாச் சுழல் இருந்தது. பதிப்பெண்ணை எந்திரம் படிக்கலாம். அதன் உண்மைக்குப் பொறுப்பு மனிதரே. நீக்கும் உரிமையை ஆசிரியரிடமிருந்து பெற்றுக்கொண்ட பொதுவெளி, அதற்கு ஈடாக அவருக்கு எதை அளித்தது என்னும் வினா இன்னும் விடையின்றி நிற்கிறது. மென்பொருள் பதிப்பு வரலாற்றை எழுதப் புகுவோர் இதனை மையமாகக் கொள்ளுதல் தகும்.