கால்போஸ்கோபியின் துல்லியம்

கால்போஸ்கோபி அல்லது கருப்பை வாய் உருப்பெருக்கி நோக்கல் என்பது, கருப்பை வாயை ஒளியும் உருப்பெருக்கமும் கொண்ட கருவியின் உதவியுடன் நோக்கி, அங்கு தோன்றும் முன்புற்று மாற்றங்களைக் கண்டறியும் மருத்துவச் சோதனை ஆகும். செருமானிய மருத்துவர் ஹான்ஸ் ஹின்செல்மான் 1925 ஆம் ஆண்டில் இதனை அறிமுகப்படுத்தினார். கருப்பை வாய்ப் புற்றுநோய் பல ஆண்டுகள் முன்புற்று நிலையிலேயே இருந்து பின்னர் உருவாவதால், இச்சோதனை எந்த அளவுக்குச் சரியாகக் கணிக்கிறது என்பது முக்கியமான கேள்வியாகும்.

செயன்முறை

கருப்பை வாயில் 3 முதல் 5 விழுக்காடு அசெட்டிக் அமிலக் கரைசல் தடவப்படும். மாற்றமடைந்த உயிரணுக்கள் உள்ள இடம் இதனால் வெண்மையாகத் தெரியும். அடுத்து அயோடின் கரைசல் தடவப்படும். கிளைக்கோசன் நிறைந்த இயல்பான திசு கரும்பழுப்பாக மாறும். மாற்றமடைந்த திசு பெரும்பாலும் மஞ்சளாகவே இருக்கும். ஐயத்துக்குரிய இடத்திலிருந்து சிறு துண்டு எடுக்கப்பட்டுத் திசு ஆய்வுக்கு அனுப்பப்படும். இறுதி முடிவைத் தருவது இத்திசு ஆய்வே.

துல்லியத்தை அளவிடல்

நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை கண்டறிகிறது என்பது உணர்திறன் எனப்படும். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரை இயல்பானவர் எனச் சரியாகக் கூறுகிறது என்பது குறிப்புத்திறன் எனப்படும்.

முந்தைய ஆய்வுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து 1998 இல் வெளியான பகுப்பாய்வின்படி, இயல்பான திசுவை மாற்றமடைந்த திசுவிலிருந்து பிரித்தறிவதில் கால்போஸ்கோபியின் உணர்திறன் 96 விழுக்காடு. குறிப்புத்திறன் 48 விழுக்காடு. அதாவது, மாற்றம் உள்ள 100 பெண்களில் 4 பேர் தவறவிடப்படுவர். மாற்றம் இல்லாத 100 பெண்களில் 52 பேர் மாற்றம் உள்ளவராகத் தவறாகக் கருதப்படுவர். உயர்நிலை மாற்றங்களைப் பிரித்தறிவதில் இவ்வளவுகள் முறையே 85, 69 விழுக்காடாக இருந்தன.

இவ்வகை ஆய்வுகளில் ஒரு குறை உண்டு. இயல்பாகத் தோன்றிய இடங்களிலிருந்து பெரும்பாலும் திசு எடுக்கப்படுவதில்லை. ஆகவே, கண்ணுக்குத் தப்பியவை கணக்கிலும் தப்பிவிடுகின்றன. அமெரிக்காவில் பெண்களைத் தொடர்ந்து கண்காணித்து 2006 இல் வெளியான ஆய்வில், கடுமையான முன்புற்று மாற்றம் இருந்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கே முதல் கால்போஸ்கோபியும் திசு ஆய்வும் உயர்நிலை மாற்றத்தைக் காட்டியிருந்தன. மருத்துவரின் பயிற்சி வகையால் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டோ அதற்கு மேலோ திசுத் துண்டுகள் எடுத்தபோது உணர்திறன் உயர்ந்தது. 2015 இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில் ஒரு துண்டு எடுத்தபோது 60.6 விழுக்காடாக இருந்த உணர்திறன், இரண்டில் 85.6 ஆகவும், மூன்றில் 95.6 ஆகவும் உயர்ந்தது.

பிழையின் விளைவுகள்

கடுமையான மாற்றம் தவறவிடப்பட்டால் ஆபத்து பெரிது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1955 முதல் 1976 வரை இத்தகைய மாற்றம் கண்டறியப்பட்டும் போதிய சிகிச்சை பெறாத பெண்களில் 31 விழுக்காட்டினருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் ஏற்பட்டது. மறுபுறம், தேவையின்றித் திசுவை வெட்டி அகற்றுவது பின்னாளில் குறைமாதப் பேற்றுக்கான வாய்ப்பைக் கூட்டக்கூடும்.

மாதவிடாய் நின்ற பெண்களில், மாற்றங்கள் தோன்றும் எல்லைப்பகுதி கருப்பை வாயின் உட்குழாய்க்குள் சென்றுவிடுவதால் முழுமையாகத் தெரிவதில்லை. அப்போது "இயல்பு" என்ற முடிவை மட்டும் நம்ப இயலாது. பார்ப்பவருக்குப் பார்ப்பவர் கணிப்பு வேறுபடுவதைக் குறைக்க, ஐந்து கூறுகளுக்குத் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் தரும் சுவீட் மதிப்பீட்டு முறை 2005 இல் முன்வைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில்

சென்னை அடையாற்றில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அங்கிருந்து இயங்கும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 1980களில் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோயாகும். பின்னர் மார்பகப் புற்றுநோய் அதனை முந்தியது.

இம்மருத்துவமனை, அம்பிளிக்கை கிறித்தவ ஐக்கிய சமூக நல மையம், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை இணைந்து திண்டுக்கல் மாவட்டத்தில் பெரிய ஆய்வொன்றை நடத்தின. 2000 முதல் 2003 வரை 30 முதல் 59 வயதுடைய 31,343 பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் அசெட்டிக் அமிலச் சோதனை செய்தனர். மாற்றம் தெரிந்த 3,088 பேரில் 3,052 பேருக்குக் கால்போஸ்கோபி செய்யப்பட்டது. அவர்களில் 2,539 பேரிடமிருந்து திசு எடுக்கப்பட்டது. முன்புற்று மாற்றம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2007 இல் வெளியான முடிவின்படி, ஒப்பீட்டுக் குழுவைவிட இப்பகுதியில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. பிழைகள் உள்ள சோதனையும், திசு ஆய்வுடனும் சிகிச்சையுடனும் சேரும்போது உயிர்காக்கும் என்பதை இது காட்டியது.

இன்றைய பயன்பாடு

உலக சுகாதார அமைப்பு 2021 இல் மனித பாப்பிலோமா வைரசின் மரபணுச் சோதனையை முதல்நிலைச் சோதனையாகப் பரிந்துரைத்தது. அதில் தொற்று உறுதியானவர்களுள் யாருக்குச் சிகிச்சை தேவை எனப் பிரித்தறியப் பயன்படும் வழிகளுள் கால்போஸ்கோபியும் ஒன்றாகும்.