ஈயச் சிப்பாயும் மலிவுப் போத்தலும்

சென்ற கோடையில் ரொறன்ரோவில் என் மகள் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தேன். விடிகாலையில் எழுந்து பத்திரிகைக்காகக் காத்திருக்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பின்னரும் என்னை விட்டுப் போகவில்லை. அங்கே வாசலில் பத்திரிகை விழுவதில்லை. தேநீரோடு குசினி மேசைக்கு வந்தால், அதன் பாதியைப் பதினைந்து வயதுப் பேரன் ஏற்கெனவே கைப்பற்றியிருப்பான். ஓரங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமுடைய பிளாஸ்ரிக் சிப்பாய்கள், போத்தல் மூடிகளின் மேல் ஒட்டப்பட்டு, வரிசையாக நிற்பார்கள். நெப்போலியன் காலத்துப் பிரித்தானியக் காலாட்படை. அவர்களது மேலங்கிகளுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தான்.

போர்ச் செய்திகளை எழுதியே என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஆகவே பொம்மைச் சிப்பாய்களைக் காணும்போது எனக்கு இயல்பாகவே ஒரு கசப்பு உண்டு. அதை அவனிடம் சொல்லவில்லை. பூச்சுப் போத்தல்களைப் பற்றி மட்டும் விசாரித்தேன்.

"இது கிராஃப்ற் பெயின்ற் அம்மப்பா. சின்னப் பிள்ளையள் பூசுறது எண்டு பெடியள் சிரிக்கிறாங்கள். அவையள் பாவிக்கிறது வேற, சரியான விலை."

அவன் வைத்திருந்தது 59 மில்லிலீற்றர் கொண்ட பிளாஸ்ரிக் போத்தல். மற்றையது 12 மில்லிலீற்றர் மட்டுமே கொண்ட சிறு குப்பி. விலையோ இதைவிடக் கூட. கணக்குப் போட்டுக் காட்டினான். துளிக்குத் துளி ஒப்பிட்டால் எட்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம் வந்தது. ஒரு படையணியையே பூச வேண்டிய பையனுக்கு இது சிறிய விடயம் அன்று.

அன்றிலிருந்து இரண்டு மாதங்கள், பொது நூலகத்திலும் கணினியிலும் இதன் பின்னணியைத் தேடிப் படித்தேன். சின்னஞ்சிறு உருவங்களுக்கு வர்ணம் பூசும் இந்தக் கலையின் வரலாறு, வர்ணத்தை யார் வாங்கினார்கள், யார் பூசினார்கள் என்ற வரலாறாகவே எனக்குத் தென்பட்டது.

ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரில் 1770களில் ஹில்பேர்ட் என்ற கைவினைஞர் வெள்ளீயத்தில் தட்டையான சிப்பாய்களை வார்த்து விற்றார். மகா பிரெடெரிக்கின் படைகள் ஐரோப்பாவை வியக்க வைத்திருந்த காலம் அது. தட்டையான அவ்வுருவங்கள் நாணயத்தைப் போல மெல்லியவை. வார்ப்பது எளிது; பூசுவதுதான் பெருவேலை. அந்த வேலை வீடுகளுக்குப் போயிற்று. பெண்களும் சிறுவர்களும் அற்பக் கூலிக்கு, ஒருவர் நீலம், ஒருவர் சிவப்பு என்று பிரித்துக்கொண்டு பூசினார்கள். விளையாடிய சிறுவனும் பூசிய சிறுவனும் ஒரே வயதினராக இருந்திருக்கலாம். ஒருவரை ஒருவர் கண்டிருக்க மாட்டார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசதி படைத்த வீடுகளில் இப்பொம்மைகள் நிறைந்தன. வின்ஸ்ரன் சேர்ச்சில் சிறுவனாக இருந்தபோது அவரிடம் ஏறத்தாழ 1,500 சிப்பாய்கள் இருந்தார்கள். ஒருநாள் தந்தை வந்து அந்த அணிவகுப்பைப் பார்வையிட்டு, இராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்டாராம். ஆம் என்று மகன் சொன்னார். மகனின் மேதாவிலாசத்தைத் தந்தை கண்டுகொண்டார் என்று நெடுங்காலம் நம்பியிருந்ததாகவும், சட்டம் படிக்கும் அளவுக்கு மூளை போதாது என்று தந்தை கருதியதே உண்மைக் காரணம் எனப் பின்னர் அறிந்ததாகவும் அவரே தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஈயச் சிப்பாய் சாதாரண வீடுகளுக்கு வந்தது 1893இல்தான். லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கண்டுபிடித்தார். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் நடுவில் எஞ்சிய குழம்பை உடனே வெளியே கவிழ்த்துவிட வேண்டும். உள்ளே வெறுமையான ஓர் ஓடு மிஞ்சும். உலோகம் மிச்சம், எடை குறைவு, அனுப்பும் செலவும் குறைவு. எட்டுக் காலாட்படையினர் அல்லது ஐந்து குதிரைவீரர் அடங்கிய பெட்டி ஒரு ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. அதுவரை சந்தையை ஆண்ட ஜேர்மனியப் பொம்மைகள் பின்வாங்கின.

இந்த இடத்தைப் படித்தபோது சற்று நிறுத்தினேன். பிரிட்டனின் உலோகம் ஈயம், அந்திமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்தது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் எங்கள் எழுத்துக்கள் வார்க்கப்பட்டதும் அதே மூன்று உலோகங்களின் கலவையில்தான். விகிதம் மட்டுமே வேறு. 'அ'னாவும் 'க'னாவும் அந்தச் சிப்பாய்களின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அச்சுக்கோப்பவர்கள் நாள்தோறும் பால் குடித்தால் ஈயம் உடம்பில் சேராது என்ற நம்பிக்கை எங்கள் அச்சுக்கூடத்தில் இருந்தது. பால் குடித்தால் ஈயம் போய்விடாது என்று இன்று தெரியும். எங்கள் மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவருக்குக் கடைசிக் காலத்தில் விரல்கள் நடுங்கின. அது ஈயத்தினாலா முதுமையினாலா என்று எவரும் சோதிக்கவில்லை.

பிரிட்டனின் தொழிற்கூடத்திலும் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசியவர்கள் பெரும்பாலும் பெண்களே. அக்காலத்து எண்ணெய்ப் பூச்சுக்களில் வெண்மைக்கு ஈய வெள்ளை, மஞ்சளுக்கு ஈயக் குறோமேற் என்று நிறமிகளிலும் ஈயம் இருந்தது. உள்ளேயும் ஈயம், மேலேயும் ஈயம். பிள்ளைகள் அதை வாயில் வைத்தார்கள். பிரிட்டன் நிறுவனம் ஈய வார்ப்பைக் கைவிட்டது 1966இல். உலோக உருவங்களைச் சேகரிப்போருக்கு வார்த்து விற்ற ஏனையோர் ஈயத்தை விட்டு வெளியேற மேலும் பல ஆண்டுகள் சென்றன.

இடையில் ஒரு புத்தகம். எச்.ஜி. வெல்ஸ் 1913இல் 'லிற்றில் வோர்ஸ்' என்ற சிறு நூலை வெளியிட்டார். பிரிட்டன் நிறுவனத்தின் சிப்பாய்களையும், விசையினால் மரக்குச்சியைச் சுடும் அதன் சிறு பீரங்கியையும் கொண்டு, தரையில் விளையாடும் போருக்கு விதிகள் வகுத்த நூல் அது. பெரியவர்களும் விளையாடலாம் என்று வெட்கமின்றிச் சொன்ன முதல் நூல்களில் ஒன்று. உண்மைப் போர் எவ்வளவு மூடத்தனமானது என்பதை உணர இந்தப் பொம்மைப் போரே போதும் என்பது அவரது வாதம். அடுத்த ஆண்டு ஐரோப்பா தீப்பற்றியது. அதே 1914இல் அதே வெல்ஸ், போர்களுக்கு முடிவு கட்டும் போர் இது என்று தலைப்பிட்டு இன்னொரு நூல் எழுதினார். அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. இதுவே கடைசிச் சண்டை என்று தலைப்பிட்ட செய்திகளை நானும் எழுதியிருக்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஹங்கேரியில் பிறந்த நிக்கலஸ் கோவ் என்பவர் 1939இல் இங்கிலாந்தில் தொடங்கிய எயார்ஃபிக்ஸ் நிறுவனம், முதலில் காற்றடைத்த இறப்பர்ப் பொம்மைகளையும் பின்னர் சீப்புகளையும் செய்தது. 1952இல் 'கோல்டன் ஹைண்ட்' என்ற கப்பலைத் துண்டு துண்டாகப் பொலித்தீன் பைக்குள் இட்டு வூல்வேர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. ஒட்டிக்கொள்வதும் பூசிக்கொள்வதும் வாங்கியவர் பொறுப்பு. அடுத்த ஆண்டு ஸ்பிற்ஃபயர் விமானம் வந்தது. வர்ணம் பூசும் வேலை கூலிக்காரப் பெண்ணிடமிருந்து சிறுவனின் கைக்கு மாறியது இப்படித்தான்.

அந்த ஸ்பிற்ஃபயர்களில் ஒன்று 1962 அளவில் யாழ்ப்பாணத்தில் என் கைக்கு வந்தது. லண்டனிலிருந்து வந்த மாமா கொண்டுவந்தார். பூச்சு கொண்டுவரவில்லை. அக்காலத்தில் மாதிரிகளுக்கென்று ஹம்ப்றோல் என்ற எனாமல் சிறு தகரப்பேணிகளில் விற்கப்பட்டது. எங்கள் ஊர்க் கடைகளில் அதை நான் கண்டதில்லை. கார் திருத்தும் இடம் ஒன்றில் கெஞ்சி, கார்களுக்கு அடிக்கும் பச்சைப் பூச்சில் அரைச் சிரட்டை வாங்கி வந்தேன். அது செலுலோசுப் பூச்சு. அதன் கரைப்பான் பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கைத் தின்னும் என்பது பன்னிரண்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? இடது இறகு என் கண்முன்னே மெழுகு போல் இளகிச் சுருங்கிற்று. அம்மா அதை எறியச் சொன்னா. நான் எறியவில்லை. சுருங்கிய இறகோடு அந்த விமானம் அலுமாரியின் மேல்தட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் ஊரோடு ஊராக நாங்களும் வெளியேறிய இரவில் அது அங்கேயே இருந்தது. பின்னர் நாங்கள் திரும்பிச் சென்றபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை.

பேரனின் போத்தலில் இருப்பது வேறு வம்சம். ஒட்டோ றோம் என்ற ஜேர்மனிய இரசாயனவியலாளர் 1901இல் தமது கலாநிதிப் பட்டத்துக்காக அக்றிலிக் சேர்மங்களை ஆராய்ந்தார். ஆனால் 1907இல் அவர் ஒட்டோ ஹாசுடன் தொடங்கிய தொழில் தோல் பதனிடுவோருக்கானது. தோலை மென்மையாக்க அதுவரை நாயின் மலத்தைப் பயன்படுத்தி வந்தார்கள். அதற்குப் பதிலான ஒரு பொருளை இவர்கள் விற்றார்கள். அக்றிலிக் கண்ணாடி 1933இல்தான் வந்தது. பிரித்தானியர் பேர்ஸ்பெக்ஸ் என்று அழைத்த அதே பொருளில்தான் உண்மையான ஸ்பிற்ஃபயரின் விமானி மூடி செய்யப்பட்டது. அதே குடும்பத்துப் பொருளை நீரில் மிதக்கும் நுண்துணிக்கைகளாக்கி, பிலடெல்பியாவிலிருந்த றோம் அன் ஹாஸ் நிறுவனம் 1953இல் வீட்டுச் சுவர்ப் பூச்சுக்காக விற்கத் தொடங்கியது. சின்சினாற்றியில் ஹென்றி லெவிசன் 1955இல் அதையே ஓவியர்களுக்கான வர்ணமாக்கினார்.

இதன் செயல்முறை எளிமையானது. பூசியதும் நீர் ஆவியாகும். துணிக்கைகள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகி இணைந்தாற்போல் ஒரு தோலாகும். ஈரத்தில் பால் போல் வெளிறியிருக்கும் பிணைப்பி காய்ந்ததும் தெளிவதால், நிறம் சற்றுக் கறுத்துத் தெரியும். காயுமுன் தூரிகையை நீரில் கழுவலாம். காய்ந்தபின் நீரால் அசைக்க முடியாது. மணமில்லை. பிளாஸ்ரிக்கைத் தின்னாது.

ஓவியர்களின் வர்ணம் விலை கூடியதாகவே இருந்தது. அதை மலிவாக்கியவர்கள் போர் விளையாட்டுக்காரர்கள் அல்லர். அமெரிக்கக் குடும்பப் பெண்கள். தகரத் தட்டுக்களிலும் மரப்பெட்டிகளிலும் பூவும் கொடியும் வரையும் பழைய நாட்டுப்புறக் கலை அங்கே மீண்டும் தழைத்து, 1972இல் அதற்கென ஒரு தேசியச் சங்கமே தோன்றியது. அவர்களுக்கு ஓவியர்களின் உயர்ரக நிறமி வேண்டியதில்லை. பல நிறங்கள் வேண்டும், உடனே பூசும் பதத்தில் வேண்டும், விலை குறைய வேண்டும். கென்ரக்கி மாநிலத்தின் ஸ்ரான்ஃபர்ட் என்ற சிற்றூரில் 1985இல் தொடங்கப்பட்ட டெக்கோஆர்ட்டின் 'அமெரிக்கானா', பிளெய்ட் நிறுவனத்தின் 'அப்பிள் பரல்' போன்றவை இந்தச் சந்தைக்காகவே வந்தவை. பேரனின் சிவப்பு இந்த வழியில் வந்ததே.

விலை கூடிய குப்பிகளின் வரலாறு வேறு. 1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன் டிராகன்ஸ்', 1983இல் வெளிவந்த 'வோர்ஹாமர்' முதலிய விளையாட்டுக்கள் உலகெங்கும் சிற்றுருவப் பித்தைப் பரப்பின. உருவங்களை விற்றவர்களே அவற்றுக்கான பூச்சையும் விற்றார்கள். இந்தப் பூச்சைத்தான் பூச வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நியாயமாகவும் பேச வேண்டும். விலை கூடியதில் நிறமி அதிகம்; அது நுண்ணியதாகவும் அரைக்கப்பட்டிருக்கும். மலிவானதில் நிறமி குறைவு, நிரப்புத்தூள் அதிகம். அதனால் முகத்தில் கண் வரையும்போது சொரசொரப்பாகத் தெரியும்; சிவப்பும் மஞ்சளும் ஒரே பூச்சில் மூடாது. தடிப்பாகப் பூசினால் பொத்தான்களும் மடிப்புகளும் புதைந்துவிடும். பேரனின் வழி இது: உருவத்தைச் சவர்க்கார நீரில் கழுவி, அடிப்பூச்சு அடித்து, சிவப்புக்குக் கீழே முதலில் மண்ணிறம். பிறகு நீர் கலந்த மெல்லிய சிவப்பு, மூன்று தடவை. கடைசியில் மை போல் நீர்த்த கறுப்பு மண்ணிறத்தை மடிப்புகளில் ஓடவிட்டு, காய்ந்தபின் மங்கலான வார்னிஷ். நீரை மட்டும் கூடுதலாகச் சேர்த்தால் பிடிமானம் போய்விடும் என்பதால் நிறமற்ற அக்றிலிக் திரவத்தையும் கலக்கிறான். ஒரு முழு நீளக் கையெட்டுத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் எந்தச் சிப்பாய் எந்தப் போத்தலுக்குரியவன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கிட்டப் பிடித்தால் முகங்களில் தெரிகிறது. அதை அவனும் ஒத்துக்கொண்டான்.

"இவையளை வைச்சு எப்ப விளையாடுவாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விளையாடுறது குறைவு அம்மப்பா. பூசத்தான் விருப்பம்."

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, அவன் ஒரு ஸ்பிற்ஃபயர்ப் பெட்டியை மேசையில் வைத்தான். இறகு உருகிய கதையைத் தாயிடம் கேட்டிருக்கிறான். விமானத்தின் மண்ணிறத்துக்கும் கரும்பச்சைக்கும் சரியான பெயரிட்ட மலிவுப் போத்தல் இல்லை. பச்சையில் கறுப்பும் மண்ணிறத்தில் மஞ்சளும் சொட்டுச் சொட்டாகக் கலந்து, பழைய படம் ஒன்றோடு ஒப்பிட்டுக் கிட்டத்தட்டச் சரிக்கட்டினான். தூரிகையை என்னிடம் தந்தான். முதற்பூச்சில் கீழிருந்த சாம்பல்நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அது அப்படித்தான், இருபது நிமிடம் பொறுத்து இரண்டாவதைப் பூசுங்கோ என்று சொல்லிவிட்டு அவன் நீச்சலுக்குப் போய்விட்டான். இடது இறகைப் பார்த்தபடி காத்திருந்தேன்.