மரக்காணம் கரையில் காவலும் இழப்பீடும்

ஊருக்குள் ஒருவர் பொருளை இழந்தால் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு, மரக்காணம் உள்ளிட்ட தென்னார்க்காட்டுப் பகுதியில் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே பதில் இருந்தது. காவல் கூலி வாங்குபவரே பொறுப்பு. குடியானவர்கள் களத்து நெல்லில் ஒரு பங்கும், வணிகர்கள் சரக்குக்கு ஒரு தொகையும் காவல்காரருக்குக் கொடுத்தார்கள். களவு நடந்தால் காவல்காரர் துப்புத் துலக்கிப் பொருளை மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பை ஈடுகட்ட வேண்டும். இந்த முறையிலும் ஊழல் மலிந்திருந்தது. காவல்காரர்களே திருடர்களோடு கைகோத்த கதைகள் ஏராளம். ஆனாலும், இடத்தைக் காக்கும் பொறுப்பையும் இழப்பை ஈடுகட்டும் கடமையையும் ஒரே ஆளிடம் சேர்த்து வைத்தது அதன் பெரிய பலம்.

1801-இல் தென்னார்க்காடு உள்ளிட்ட கர்நாடகப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1816-ஆம் ஆண்டின் 11-ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவரையும் தலையாரியையும் கலெக்டரின் அதிகாரத்துக்குக் கீழே கொண்டுவந்தது. 1859-இல் சென்னை மாகாணத்துக்கெனத் தனிப் போலீஸ் சட்டம் பிறந்தது. காவல் அரசின் வேலையாயிற்று, அதற்கான செலவு வரிப் பணத்திலிருந்து போயிற்று. ஈடுகட்டும் கடமையை மட்டும் புதிய அரசு ஏற்கவில்லை.

அதே அரசு உப்பைக் காத்த விதம் வேறு. 1805-இல் உப்பு அரசின் ஏகபோகமான பிறகு, அளங்களில் அம்பாரமாகக் குவித்த உப்பின்மேல் முத்திரை குத்திக் காவலுக்குச் சேவகர்களை நிறுத்தினார்கள். யாராவது கைவைத்தால் முத்திரை கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். 1889-ஆம் ஆண்டு சென்னை உப்புச் சட்டம் இந்தக் காவலை இன்னும் இறுக்கியது. வருமானம் தரும் பொருளுக்குக் கிடைத்த இந்தக் கவனம், அளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரியவர்கள் நடந்த பாதைக்குக் கிடைக்கவில்லை.

கலவரம் நடந்த ஊரில் கூடுதல் போலீசை நிறுத்தி, அந்தச் செலவை ஊராரிடமே வசூலிப்பது காலனிய அரசின் வழக்கம். 1899 சிவகாசிக் கலவரத்துக்குப் பின் அப்படித்தான் நடந்தது. அடிபட்டவருக்கு இருந்த முக்கிய வழி 1898-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 545-ஆவது பிரிவு. குற்றவாளிக்கு விதித்த அபராதத்திலிருந்து ஒரு பகுதியை நீதிமன்றம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கலாம் என்றது அது. குற்றவாளி பிடிபடவில்லை என்றால், அல்லது விடுதலையாகிவிட்டால், ஒன்றுமில்லை. கூட்டமாக வந்து தாக்குபவர்களை அடையாளம் காட்டுவது எவ்வளவு கடினம் என்பதை நினைத்தால், இந்தப் பிரிவு எத்தனை பேருக்குப் பயன்பட்டிருக்கும் என்பது புரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் கடைவீதித் தகராறு ஒன்று கலவரமாக வெடித்து, தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அரசு நீதிபதி சதாசிவம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தது. பொது இடத்தில் பாதுகாப்புத் தராமைக்கு அரசு ஈடு தரவேண்டும் என்ற கொள்கை சட்டமாக நிலைபெற இன்னும் பத்தாண்டு தேவைப்பட்டது. 1984-இல் இந்திரா காந்தி கொலைக்குப் பின் கோயம்புத்தூரில் சீக்கியர்களின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், கலெக்டர் மதிப்பிட்டிருந்த 33 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை அரசு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மக்களின் உயிரையும் உடைமையையும் காப்பது அரசின் கடமை, அதில் தவறினால் ஈடு தரவேண்டும் என்பதே அதன் அடிப்படை. பழைய காவல் முறையின் கொள்கை அரசமைப்புச் சட்டத்தின் வழியாகத் திரும்பி வந்தது என்றே இதைச் சொல்லலாம்.

அடுத்த பத்தாண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகள், தலித்துகளும் பழங்குடியினரும் தாக்கப்பட்டால் அரசு நிவாரணம் தரவேண்டும் என்றும், வீடு எரிக்கப்பட்டால் அரசு செலவில் செங்கல் வீடு கட்டித் தரவேண்டும் என்றும் கூறின. தமிழ்நாடு 1992-இல் இயற்றி, பிறகு தனியார் சொத்துக்கும் விரிவாக்கிய சொத்து சேதத் தடுப்புச் சட்டம், ஊர்வலமோ கூட்டமோ நடத்தும் கட்சியிடமிருந்தே சேதத்தை வசூலிக்க வழிசெய்தது.

இரண்டு சட்டங்களும் மரக்காணத்தில் ஒரே நாளில் சோதனைக்கு வந்தன. 2013 ஏப்ரல் 25, சித்திரை முழுநிலவு நாள். மாமல்லபுரத்தில் நடந்த வன்னியர் இளைஞர் விழாவுக்குப் போன வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்தபோது மோதல் மூண்டது. தலித் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன, பேருந்துகள் கொளுத்தப்பட்டன. விழாவுக்குப் போனவர்களில் இருவர் இறந்தார்கள். அவர்கள் இறந்த விதம் குறித்தும், மோதலை யார் தொடங்கினார்கள் என்பது குறித்தும் இரு தரப்பும் வேறுவேறு சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் அந்த ஒரே சாலை வழியாகப் போவார்கள் என்று தெரிந்திருந்த நாளில் இது நடந்தது என்பதை மறக்கக் கூடாது.

சேதத்தை, விழாவின் பின்னணியில் இருந்த பாட்டாளி மக்கள் கட்சியிடம் வசூலிக்க அரசு நடவடிக்கை எடுத்தது. அதை எதிர்த்துக் கட்சியின் தலைவராக இருந்த ஜி.கே. மணி தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சம்பவத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையில் எட்டாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கூரை எரிந்த குடும்பத்துக்கு எட்டாண்டு என்பது ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்து எட்டாம் வகுப்பையே முடித்துவிடும் காலம்.

சொத்துக்கு இப்படி வழியிருக்க, உடம்பில் பட்ட அடிக்கு எங்கே தாக்கப்பட்டார் என்பதே பல நேரம் முடிவாகிறது. திண்டிவனம் ரயில் நடைமேடையில் பயணச்சீட்டோ நடைமேடைச் சீட்டோ வைத்திருப்பவர் தாக்கப்பட்டு இறந்தால், ரயில்வே சட்டத்தில் 1994-இல் சேர்ந்த 124-ஏ பிரிவின்படி ரயில்வே ஈடு தரவேண்டும். அதன்மீது தவறு உண்டா என்று பார்ப்பதில்லை. 2017 முதல் அந்தத் தொகை 8 லட்சம் ரூபாய். ரயில் பாதையே இல்லாத மரக்காணத்தில், சாலையோரத்தில் அதே தாக்குதல் நடந்தால் இப்படிப்பட்ட சட்டம் எதுவும் துணைக்கு வராது.

அங்கே தாக்கப்பட்டவருக்கு இன்றுள்ள வழி, 2013-இல் தமிழ்நாடு அறிவித்த பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம். விழுப்புரத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுக்கலாம். தாக்கியவர் யாரென்று தெரியாவிட்டாலும் மனு செல்லும். விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் இத்திட்டம் காயத்தின் தன்மையைப் பார்க்குமே தவிர, அந்த இடத்தில் விளக்கு எரிந்ததா, போலீஸ் நின்றதா என்று கேட்காது. அந்தக் கேள்விக்கு விடை வேண்டுபவர் தனியாக உரிமையியல் நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ போகவேண்டியிருக்கிறது.