தின்மெல்: மலையிடைப் பள்ளிவாசல்



மொறொக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவில், உயர் அட்லஸ் மலைத்தொடரின் நடுவே தின்மெல் என்னும் சிற்றூர் உண்டு. இன்று அது ஒரு குக்கிராமம். ஆனால், 12ஆம் நூற்றாண்டில் ஒரு பேரரசே அங்கிருந்துதான் புறப்பட்டது.

இறைவனின் ஏகத்துவத்தை வலியுறுத்திய சீர்திருத்தவாதியான இப்னு தூமர்த், அக்கால ஆட்சியாளரான முராபித்துகளை எதிர்த்து, 1124ஆம் ஆண்டளவில் இம்மலையூரைத் தமது அரணாக்கினார். 1130இல் அவர் மறைந்தார். அவருக்குப் பின் தலைமையேற்ற அப்துல் முஃமின் 1147இல் மராக்கேஷைக் கைப்பற்றினார். அரசு பெருகிய பின்னரும் ஆசானை மறவாத அவர், ஆசான் அடங்கிய ஊரிலேயே 1150களில் இப்பள்ளிவாசலை எழுப்பினார்.

பலகைகளுக்கிடையே மண்ணை இட்டு இடித்து இறுக்கிய சுவர்கள், செங்கற் தூண்கள், சுண்ணச் சாந்தில் இழைத்த நுண்ணிய வேலைப்பாடுகள். தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராபின் மேலேயே மனாரா எழுந்து நிற்பது இதன் அரிய சிறப்பு. மராக்கேஷின் புகழ்பெற்ற குதுபிய்யா பள்ளிவாசல் இதற்கு உடன்பிறப்புப் போன்றது.

1270களில் மரீனிதர் ஊரைச் சூறையாடினர். பேரரசு மறைந்தது; காலப்போக்கில் கூரையும் வீழ்ந்தது. ஆயினும் கூரையற்ற அந்த மண்டபத்தில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடந்துவந்தது. 1990களில் சுவர்களும் வளைவுகளும் செப்பனிடப்பட்டன. அண்மைக் காலத்தில் மீண்டும் திருத்தவேலை தொடங்கியது.

அவ்வேலை நடந்துகொண்டிருக்கையில்தான், 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி இரவு, 6.8 அளவிலான நிலநடுக்கம் அம்மலைநாட்டைக் குலுக்கியது. 2,900இற்கு மேற்பட்டோர் மாண்டனர். பள்ளிவாசலின் பெரும்பகுதி சரிந்தது. அதன் திருத்தவேலைக்கென வந்திருந்த தொழிலாளர் ஐவரும் அந்த நடுக்கத்துக்குப் பலியாகினர்.

மீளமைப்புப் பணி மீண்டும் தொடங்கியது. எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டுப் புதிதாய்க் கட்டுவது எளிது. ஆனால், அது பழைய பள்ளிவாசலாகாது. அதன் சாயலாகவே இருக்கும். எனவே இடிபாடுகளுக்குள் தேடி, பயன்படத்தக்க துண்டுகளைப் பிரித்தெடுத்து வைத்தனர். உடைந்த ஒரு செங்கல்லும் அன்றைய கொத்தனின் கைத்திறனுக்குச் சாட்சியல்லவா? பழமையைப் பேணுதல் என்பது அந்தச் சாட்சியைக் காப்பதேயாகும்.

கட்டிய மன்னனின் பெயரை வரலாறு சொல்லும். காக்க வந்து உயிர்நீத்த அந்த ஐவரையும் சேர்த்துச் சொன்னால்தான் தின்மெல்லின் வரலாறு முழுமை பெறும்.