மலாயாவுக்குப் போன முதல் 'ஸ்கில்' கப்பல்

வெள்ளவத்தையில காலி வீதியால நடந்தா, ஐஈஎல்டிஎஸ் வகுப்பு, விசா ஆலோசனை எண்டு போர்ட்டுக்கு மேல போர்ட். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டு வேலைக்காக நாட்டைவிட்டுப் போனார்கள். எங்களோட படிச்சு சொஃப்ட்வெயார் பக்கம் போனவை சிங்கப்பூர், கோலாலம்பூர் எண்டு கதைக்கினம். கலைப்பீடத்து ஆட்களான எங்களை ஒருத்தரும் கேக்கிறதில்லை. எங்களிட்ட 'ஸ்கில்' இல்லையாம்.

'ஸ்கில்' எது எண்டு ஆர் முடிவு செய்யிறது? இதே பாதையில நூறு வருசத்துக்கு முந்தியே போன ஒரு கூட்டத்தைப் பார்த்தா அதுக்குப் பதில் இருக்கு.

1885 ஜூன் முதலாம் திகதி மலாயாவின் முதல் ரெயில் பாதை தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையில் திறக்கப்பட்டது. வெள்ளீயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதற்கான பாதை அது. ரெயிலும் தந்தியும் நில அளவையும்தான் அன்றைய உயர் தொழில்நுட்பம். அதை இயக்க ஆள் வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஆள் எடுத்தால் சம்பளம் கட்டாது. இலங்கையிலோ 1864இலேயே ரெயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1867இல் அது கண்டிவரை போனது. ஆக, அனுபவமுள்ள, ஆங்கிலம் தெரிந்த, மலிவான ஆட்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

அதிலும் குறிப்பாக யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அமெரிக்க மிசனரிகள் 1816இல் அங்கே வந்தவர்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். போட்டிக்குச் சைவர்களும் ஆங்கிலப் பள்ளிகள் கட்டினார்கள். 1890இல் வந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அப்படி ஒன்று. இங்கிலீஷ் படிச்ச பொடியன்கள் நிறைய, ஊரில காணியும் குறைவு, அரசாங்க வேலையும் குறைவு. இலங்கையின் பொதுவேலைத் திணைக்களத்தில் வேலை செய்த சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் எனும் பொறியியலாளர் 1891இல் சிலாங்கூருக்கு மாறிப் போனார். 1901இல் மலாய் மாநிலங்களின் ரெயில்வேக்கே பொது முகாமையாளர் ஆனார். தனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே அவர் ஆள் எடுத்தார்.

1905இல் யாழ்ப்பாண ரெயில் பாதை கொழும்போடு இணைந்த பிறகு, பயணம் இன்னும் இலேசு. கோச்சியில கொழும்பு, கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துத் துறைமுகத்தில கப்பல், பிறகு பினாங்கு. அங்கே கிளாக்கர், ஸ்டேஷன் மாஸ்டர், நில அளவை உதவியாளர், ஆஸ்பத்திரி டிரெசர். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் அவர்களின் குடியிருப்பானது. ஊருக்கு மணியோடர் வந்தது. கல்வீடும் கோயில் திருப்பணியும் நடந்தன. இளைப்பாறித் திரும்பியவரை ஊர் 'மலாயன் பென்சனியர்' எண்டு மரியாதையாச் சொன்னது.

கவனியுங்கோ: அவையளில கனபேரின்ர ஸ்கில், பிழையில்லாத இங்கிலீஷும் நல்ல கையெழுத்தும் கணக்கும். இண்டைக்கு அந்தத் தகுதியோட போனா ஒரு கவுண்டரிலயும் எடுக்கமாட்டினம். 1900இல பிறந்திருந்தா நாங்கள் கலைப்பீடத்துக்காரர்தான் முதல் கப்பல்!

ஊரில் பெருமையாகச் சொல்லப்படும் கதை இவ்வளவுதான். சொல்லாமல் விடும் பகுதி கப்பல்களின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து இலட்சக்கணக்கான தமிழர், ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணிகள் வழியாகவும், மலாயாவின் தோட்டங்களுக்கு இறக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மேலே தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிய 'கிராணி' பல இடங்களில் யாழ்ப்பாணத்தவர். ஒரே மொழி, ஒரே முருகன். ஆனால் "நாங்கள் சிலோன்காரர், கூலிகள் இல்லை" என்பது அந்தச் சமூகத்தின் அடையாளமாகவே ஆனது.

மேலே ஏறவும் வழியில்லை. உயர் நிர்வாகப் பதவிகள் வெள்ளையருக்கு. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் ஆட்குறைப்பு வந்தது. அரசாங்க வேலையில் மலாய்க்காரருக்கு முன்னுரிமை என்ற கொள்கையும் இறுகியது. முப்பது வருசம் அந்த நாட்டின்ர ரெயிலை ஓட்டினாலும் 'வெளியாள்' எண்ட பேர் போகவில்லை. 1942இல் யப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது கடிதமும் மணியோடரும் நின்றுபோயின.

இந்த வரலாற்றின் முக்கியமான ஒருவர் 1898இல் ஈப்போவில் பிறந்தவர்: சா. ஜே. வே. செல்வநாயகம். சின்ன வயதிலேயே தெல்லிப்பழைக்குத் திரும்பிவிட்டார். சுதந்திரம் கிடைத்த கையோடு மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது அவர் எதிர்த்தார். இன்று அவர்களுக்கு நடப்பது நாளை எங்களுக்கும் நடக்கும் என்பது அவரது வாதம். 1949இல் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கிராணிக்கும் கூலிக்கும் இடையில் போட்ட கோட்டை அரசியலில் தாண்டலாம் என்பதற்கு இது ஒரு சாட்சி.

இப்ப சிங்கப்பூருக்கு வருவம். 2023 செப்டெம்பரிலிருந்து அங்கே எம்ப்ளோய்மென்ட் பாஸுக்கு 'கொம்பாஸ்' எண்ட புள்ளிமுறை இருக்கு: சம்பளம், படிப்பு எண்டு எல்லாத்துக்கும் புள்ளி. அதே நகரத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர் வேர்க் பெர்மிட்டில் டோர்மிட்டரிகளில் இருக்கிறார்கள். அவர்களால் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. 2020இல் கொரோனா அந்த டோர்மிட்டரிகளில்தான் மிக மோசமாகப் பரவியது. கப்பல் விமானமாகிவிட்டது, ஆனால் மேல்தளமும் கீழ்த்தளமும் அப்படியே இருக்கு.

போறவையைப் போகாதேங்கோ எண்டு சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. இந்த நாடு வைச்சிருக்கிற நிலைமையில நாங்களும் நாளைக்குப் போகலாம். ஆனா ஸ்கில் எண்டது எங்கட பிறவிப் பெருமை இல்லை. இன்னொருத்தரின்ர தேவைக்கு இண்டைக்குப் போட்ட விலை. தேவை மாறினா விலையும் மாறும். அந்த விலை இருக்கிற காலத்தில, லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மேசையில சாப்பிடுற அந்த அண்ணைக்கும் எங்களுக்கும் நடுவில ஒரு கோடு போடாம இருக்க ஏலுமோ? மலாயாவுக்குப் போன எங்கட ஆட்களில கனபேர் அந்தக் கோட்டைப் போட்டவை.